பழைய தண்டர்பேர்ட் மெயில் போல்டர்களைப் புது வேர்ஷனுக்கு எப்பிடிக் கொண்டுபோறது?

உப்புவெளிக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். உப்புவெளியில சின்ன கெஸ்ட் ஹவுஸ் ஒண்டு நடத்துறன், 2010ல இருந்து வந்த புக்கிங் மெயில் எல்லாம் தண்டர்பேர்ட் எண்ட மெயில் புரோகிராமிலதான் கிடக்கு. பொப் கணக்கு (மெயிலைக் கம்பியூட்டருக்கு இறக்கி வைக்கிற வகை) எண்டபடியா சேர்வர்ல 14 நாளுக்குத்தான் நிக்கும், மிச்சம் முழுக்க இந்த விண்டோஸ் 7 மெசினுக்குள்ளதான், அதில இருக்கிறது தண்டர்பேர்ட் 60. இப்ப விண்டோஸ் 11 லப்டொப் எடுத்துப் புது தண்டர்பேர்டும் போட்டாச்சு. வருசத்துக்கு ஒரு போல்டர், அதுக்குள்ள மாசத்துக்கு ஒண்டு. திரும்பி வாற ஆக்களுக்கு முந்திக் குடுத்த ரேட்டைப் பார்த்துத்தான் சொல்லுறனான், அதால ஒண்டும் தவறக் கூடாது. என்ன வழி?

உவர்மலை தம்பி:
அண்ணை, புரொபைலை முழுசா கொப்பி பண்ணுங்கோ, வேற ஒண்டும் யோசிக்காதேங்கோ. ஹெல்ப் மெனுவில ட்ரபிள்ஷூட்டிங் இன்பர்மேஷன் எண்டு இருக்கு, அதுக்குள்ள புரொபைல் போல்டரைத் திறக்கிற பட்டன் இருக்கும். மெயில், பில்டர் (வாற மெயிலைத் தானாப் பிரிக்கிற விதி), அட்ரஸ் புக், பாஸ்வேர்ட் எல்லாம் அதுக்குள்ளதான். எந்தெந்த மெயில் ஏற்கனவே இறக்கினது எண்டு கணக்கு வைக்கிற பொப்ஸ்டேட் பைலும் அதுக்குள்ளதான், அது இல்லாட்டி சேர்வர்ல நிக்கிறதெல்லாம் திரும்ப ஒருக்கா இறங்கி இரட்டிப்பாகும். கொப்பி பண்ணிப் போட்டு புரொபைல் மனேஜர்ல அந்தப் போல்டரைக் காட்டி விடுங்கோ.

அன்புவழிபுரம் டீச்சர்:
தம்பி சொல்லுறது கிட்டக் கிட்ட இருக்கிற வேர்ஷனுக்குச் சரி. 60ல இருந்து இண்டைய வேர்ஷனுக்கு ஒரே பாய்ச்சலில போறது வேற கதை. 78ல அட்ரஸ் புக் பைலின்ர வகையே மாறிப்போச்சு, பழைய அட்-ஒன் எல்லாத்தையும் அதோட நிப்பாட்டினவை. இத்தனை வருசத்துப் பழைய செட்டிங்ஸைத் தூக்கிப் புதுசுக்குள்ள போட்டா, பிறகு ஒரு கோளாறு வந்தா எதால வந்தது எண்டு தேடிப் பிடிக்கேலாது. புதுசில கணக்கைப் புதுசாத் திறவுங்கோ, மெயில் பைலை மட்டும் லோக்கல் போல்டருக்குள்ள (ஒரு கணக்கோடயும் சேராம கம்பியூட்டரிலயே இருக்கிறது) போடுங்கோ.

மெயில் பைல் எண்டது வெறும் டெக்ஸ்ட் பைல்தான். சின்னதா ஒண்டை நோட்பேட்ல திறந்து பாருங்கோ, ஒவ்வொரு மெயிலும் ப்ரொம் எண்ட வரியோட தொடங்கும், கீழ எக்ஸ்-மொசில்லா-ஸ்டேட்டஸ் எண்டு ஒரு வரி, பிறகு ஆர் அனுப்பினது, என்ன திகதி, அதுக்குப் பிறகு மெயில். அந்த பைலுக்கு டொட்டுக்குப் பின்னால ஒண்டும் இராது, பேர் மட்டும்தான். அதே பேரோட எம்எஸ்எப் எண்டு முடியிறது இன்டெக்ஸ், அதை விட்டிட்டு வாங்கோ, தண்டர்பேர்ட் தானே புதுசாக் கட்டும். ஆனா எஸ்பிடி எண்டு முடியிற போல்டரை மறக்கவே கூடாது, உங்கட மாசப் போல்டர் எல்லாம் அதுக்குள்ளதான். 2014 எண்ட பைலும் 2014 எஸ்பிடியும் பக்கத்தில பக்கத்தில போகோணும். ரெண்டு பக்கமும் தண்டர்பேர்டை மூடிப்போட்டுச் செய்யுங்கோ.

மட்கோ பொடியன்:
ஏன் இவ்வளவு கஸ்டம்? ஜிமெயில் கணக்கை ஐமேப்பில (மெயில் சேர்வரிலயே நிக்கிற வகை) சேர்த்து, போல்டரை எல்லாம் இழுத்து அதுக்குள்ள விடுங்கோ. போன்லயும் பார்க்கலாம், லப்டொப் பழுதானாலும் பயமில்லை.

அன்புவழிபுரம் டீச்சர்:
அவர் கெஸ்ட் ஹவுஸ் நடத்துறவர், அந்த மெயிலுக்குள்ள வெள்ளைக்காரர் அனுப்பின பாஸ்போர்ட் கொப்பி எவ்வளவு கிடக்கும். அதை எல்லாம் அவையைக் கேக்காம வேற இடத்தில ஏத்திறது எனக்குச் சரியாப் படேல்ல. ஜிமெயில் சும்மா தாறது 15 ஜிபி, அதுவும் போட்டோ, டிரைவ் எல்லாத்துக்கும் சேர்த்து. இடையில லைன் அறுந்தா எந்த மெயில் போனது எது போகேல்ல எண்டு ஆர் எண்ணுறது?

மட்கோ பொடியன்:
பாஸ்போர்ட் விசயம் ஞாயம்தான் டீச்சர். ஆனா ஒரே ஹார்ட் டிஸ்க்கில எல்லாத்தையும் வைச்சிருக்கிறது அதைவிடப் பயம்.

உப்புவெளிக்காரன்:
டீச்சர் சொன்னபடி தொடங்கினன். இன்பொக்ஸ் பைல் மட்டும் பென்டிரைவுக்கு ஏறுதில்லை, பைல் பெரிசு எண்டு சொல்லுது, பென்டிரைவில இடம் தாராளமாக் கிடக்கு.

உவர்மலை தம்பி:
அந்தப் பென்டிரைவ் பேட் 32 எண்ட போர்மட்டில இருக்கு, ஒரு பைல் 4 ஜிபிக்கு மேல போனா எடுக்காது. எக்ஸ்பேட்டுக்கு போர்மட் பண்ணுங்கோ, அதில இருக்கிறது அழியும், முதல்ல வேற இடத்தில போட்டிட்டு.

மட்கோ பொடியன்:
கம்பெக்ட் குடுத்தா பைல் சின்னதாகுமே? டிலீட் பண்ணின மெயில் எல்லாம் கம்பெக்ட் பண்ணுமட்டும் பைலுக்குள்ளயே கிடக்கும்.

அன்புவழிபுரம் டீச்சர்:
தயவுசெய்து கொப்பி எடுக்க முதல் கம்பெக்ட் பண்ண வேண்டாம். அது பைலையே திருப்பி எழுதுற வேலை, பழைய டிஸ்க், இடையில கரண்ட் போனா என்ன செய்வார்? கொப்பி எடுத்து, புதுசில திறந்து பார்த்த பிறகு அங்க வைச்சுப் பண்ணட்டும்.

உவர்மலை தம்பி:
அதில டீச்சரோட நான் ஒத்துப்போறன். ஆனா பில்டரும் அட்ரஸ் புக்கும் இல்லாம மெயில் மட்டும் வந்து என்ன பிரயோசனம்?

அன்புவழிபுரம் டீச்சர்:
அட்ரஸ் புக்கைப் பழசில வைச்சு எக்ஸ்போர்ட் குடுத்து சிஎஸ்வியா எடுக்கலாம், புதுசில இம்போர்ட் பண்ணினா சரி. பில்டரைக் கையால திரும்பப் போடுங்கோ. ஆனா பழைய பில்டரில பாதி இப்ப தேவைப்படாது.

உப்புவெளிக்காரன்:
எக்ஸ்பேட் ஆக்கினதும் ஏறிட்டுது. லோக்கல் போல்டருக்குள்ள எல்லா வருசமும் மாசமும் வந்திருக்கு. ரெண்டு பிரச்சினை. 2016 போல்டர் வெறுமையாக் கிடக்கு. மற்றது, அம்மா கனடாவில இருக்கிற மாமாக்கு எழுதின மெயில் எல்லாம் இங்கிலீஸ் எழுத்தாக் கலைஞ்சு கிடக்கு, பழசில வடிவாத் தமிழாத் தெரிஞ்சது.

உவர்மலை தம்பி:
2016க்கு ரைட் கிளிக், ப்ரொபர்டீஸ், ரிப்பெயார் போல்டர். இன்டெக்ஸ் பைலும் சேர்ந்து வந்திருக்கும். அம்மாட மெயில் பழுதாகேல்ல அண்ணை, அது பாமினி எண்ட பழைய தமிழ் பொன்ட்டில அடிச்சது. உள்ளுக்கு இருக்கிறது இங்கிலீஸ் எழுத்துத்தான், எழுத்துருதான் தமிழாக் காட்டினது. பழைய மெசினில இருந்து பாமினி பொன்ட்டை எடுத்து லப்டொப்பில போடுங்கோ.

உப்புவெளிக்காரன்:
ரெண்டும் சரி வந்திட்டுது, 2016ல ஒரு மெயிலும் குறையேல்ல. சேர்வர்ல நிண்ட 14 நாள் மெயில் மட்டும் இரட்டிப்பா வந்தது, தம்பி சொன்ன மாதிரியே, கையால அழிச்சிட்டன். இனி அட்ரஸ் புக் பார்க்கோணும்.

மட்கோ பொடியன்:
பழைய மெசினை இப்ப குடுத்திடாதேங்கோ அண்ணை. அந்தக் கொப்பியை இன்னொரு டிஸ்க்கில போட்டு வேற ஒரு வீட்டில வையுங்கோ, அதுக்குப் பிறகு குடுக்கலாம்.