உல்லன் நூலை எதில் போட்டு வைக்கிறீர்கள்? ஒரே ஒரு கண்டு மட்டும் பொடிப்பொடியாகப் போயிருக்கிறது

மீனா, ஆதம்பாக்கம்

எனக்கு வயது 58. பத்தாவது பரீட்சை லீவில் பக்கத்து வீட்டு டீச்சரிடம் குரோஷா ஊசி பிடிக்கக் கற்றுக்கொண்டேன். அன்றிலிருந்து நூல் வாங்குவது நின்றதே இல்லை. பின்னுவது மட்டும் அவ்வப்போது நின்றிருக்கிறது. அதன் விளைவு போன ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது.

நூல் வீட்டில் நாலு இடத்தில் கிடக்கிறது. கட்டிலுக்கு அடியில் 25 கிலோ அரிசிப்பை ஒன்று. பீரோவில் பட்டுப்புடவைகளுக்குக் கீழே கொஞ்சம். பரணில் என் கல்யாண சூட்கேஸ். மிச்சம் மீதி, துண்டு துக்கடா எல்லாம் கதவுக்குப் பின்னால் தொங்கும் கட்டைப்பையில். எல்லாவற்றையும் ஹாலில் கொட்டி, கொக்கித் தராசில் மாட்டி எடை போட்டேன். 9 கிலோ 400. அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "இதுக்கு ஒரு கடையே வெச்சிருக்கலாமே" என்றார். நான் பதில் சொல்லவில்லை.

இப்போது ஏன் கொட்டினேன் என்றால், மருமகளுக்குத் தை மாதம் பிரசவம். குழந்தைக்கு இளமஞ்சளில் ஒரு போர்வை பின்ன ஆசை. மஞ்சளில் ஆறு கண்டு கிடைத்தன. சந்தோஷமாக ஆரம்பித்து முதல் கண்டு முடிந்து, இரண்டாவதில் பத்து வரிசை போன பிறகு பகலில் பால்கனியில் விரித்துப் பார்த்தால், இது வேறு மஞ்சள்! ட்யூப்லைட்டில் தெரியவே இல்லை. லேபிளைப் பார்க்கலாம் என்றால் எதிலும் லேபிள் இல்லை. கண்டைத் திறந்த கையோடு லேபிளைக் கசக்கி எறிவது என் வழக்கம்.

அதுகூடப் போகட்டும். சூட்கேஸைத் திறந்தபோதுதான் வயிறு எரிந்தது. பட்டாளத்தில் இருந்த என் அண்ணன் 2004ல் குலுவில் வாங்கி வந்த கம்பளி நூல், காப்பிக்கொட்டை நிறம், 200 கிராம். உருப்படியாக ஏதாவது செய்ய வேண்டும் என்று தொடாமலே வைத்திருந்தேன். மேலாகப் பார்த்தால் கண்டு முழுசாகத்தான் இருந்தது. நுனியை இழுத்தேன். விரல் நீளம் வந்தது, அறுந்தது. அடுத்த நுனியை இழுத்தேன், அதுவும் அப்படியே. உள்ளேயிருந்து மணல் மாதிரி ஏதோ உதிர்ந்தது. அதை ஒட்டிப் படுத்திருந்த ரோஸ், பாட்டில் பச்சை உல்லன் கண்டுகளில் ஒரு ஓட்டை கிடையாது. பாச்சை உருண்டை நாலு போட்டிருந்தேன். உருண்டை கரைந்து காற்றாகிவிட்டது. வலைப்பையும் வாடையும்தான் மிச்சம்.

அந்த ஒரு கண்டு மட்டும் ஏன்? மற்றதைக் காப்பாற்ற பிளாஸ்டிக் டப்பா நல்லதா, துணிப்பை நல்லதா? உருண்டை வாடையை எப்படிப் போக்குவது? கட்டைப்பையில் இருக்கும் சிக்கைப் பற்றி யாராவது ஆறுதலாவது சொல்லுங்கள்.

குன்னூர்க்காரி

மீனா, உங்களைவிட ஏழு வயது மூத்தவள், அதனால் பேர் சொல்லியே கூப்பிடுகிறேன். நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் ஊரில் ஸ்வெட்டர் இல்லாத வீடு இல்லை, அந்துப்பூச்சியோடு சண்டை போடாத வீடும் இல்லை.

கடையில் உல்லன் என்று கேட்டு நாம் வாங்கி வருவது பெரும்பாலும் அக்ரிலிக். பெட்ரோலியத்திலிருந்து எடுக்கிற இழை. பூச்சிக்கு அதில் தின்ன ஒன்றுமில்லை. அந்துப்பூச்சியின் புழு தேடுவது கெரட்டினை: முடி, கம்பளி, இறகு இதிலெல்லாம் இருக்கிற புரதம். உங்கள் சூட்கேஸில் இருந்த ஒரே நிஜக் கம்பளி அண்ணன் கொடுத்ததுதான். பாவி, சரியாகத் தேர்ந்தெடுத்துத் தின்றிருக்கிறது. நீங்கள் மணல் என்று சொல்வது புழுவின் எச்சம். தின்ற நூலின் நிறத்திலேயே இருக்கும், உற்றுப் பாருங்கள். பட்டுத்துணியையும் அது விடாது என்பதால், நூலை விட முதலில் பீரோவில் இருக்கிற புடவைகளைப் பிரித்துப் பாருங்கள்.

ராத்திரி லைட்டைச் சுற்றுகிற பூச்சியை அடித்துப் பிரயோஜனம் இல்லை. துணியைத் தின்கிற வகை வெளிச்சத்தைக் கண்டால் ஓடி ஒளியும், வைக்கோல் நிறத்தில் ஒரு அரிசி மணி அளவுக்கு இருக்கும். தின்பது அதுவும் இல்லை, அதன் புழுதான். இன்னொன்றும் உண்டு. பாத்ரூம் சுவரிலும் பரண் மூலையிலும் சாம்பல் நிறத்தில் வெள்ளரி விதை மாதிரி தட்டையாக ஒட்டிக்கொண்டிருக்குமே, தொட்டால் ஒரு முனையிலிருந்து தலை நீட்டி, கூட்டையும் இழுத்துக்கொண்டு நகருமே, அதுவும் இதே குடும்பம். ஒட்டடையைத் தின்று பிழைக்கும், கம்பளி கிடைத்தால் விடாது. ஆகவே பரணில் ஒட்டடை அடிப்பதும் நூலைக் காக்கிற வேலைதான்.

எது கம்பளி, எது அக்ரிலிக் என்று தெரியாவிட்டால் ஒரு சாண் நூலை இடுக்கியில் பிடித்து, சிங்க் மேல் வைத்துக் கொளுத்துங்கள். கம்பளி முடி பொசுங்குகிற நாற்றம் அடிக்கும், தீயை எடுத்தால் தானே அணையும், கரியை விரலில் நசுக்கினால் பொடியாகும். பருத்தி காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாகும். அக்ரிலிக் உருகிக் கறுப்பு மணியாக இறுகிவிடும், சூட்டோடு தொட்டுவிடாதீர்கள்.

கம்பளி என்று தெரிந்ததை மட்டும் தனியாகப் பிரித்து, காற்றுப் புகாத கவரில் போட்டு ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். மைனஸ் 18 டிகிரி வேண்டும். வெளியே எடுத்ததும் கவரைத் திறக்கக் கூடாது. நூல் அறைச் சூட்டுக்கு வரட்டும், இல்லாவிட்டால் நூலின் மேலேயே வியர்த்து ஈரமாகும். நான் ஒரு நாள் வெளியே வைத்துவிட்டு இன்னொரு வாரம் உள்ளே வைப்பேன். வசம்பு, காய்ந்த வேப்பிலை எல்லாம் நானும் போடுகிறேன், ஆனால் முட்டை இருக்கிற நூலை அதை நம்பி மூடி வைக்காதீர்கள்.

கடைசியாக, நர்ஸாகச் சொல்வது. அந்த உருண்டை வாடை இருக்கிற நூலில் குழந்தைக்கு எதுவும் பின்னாதீர்கள். ஜி6பிடி என்கிற நொதி குறைவாகப் பிறக்கும் குழந்தைகள் உண்டு. அந்த உருண்டையில் இருக்கிற நாஃப்தலீன் பட்டால் அவர்களுக்குச் சிவப்பணு உடைந்து கடுமையான மஞ்சள் காமாலை வரும். உருண்டை போட்ட பெட்டியிலிருந்து எடுத்த துணியால்கூட வந்திருக்கிறது. வாடை போக வேண்டுமென்றால் நிழலில், காற்றாட, நாள்கணக்கில் தொங்கவிட்டு, பிறகு அலசுங்கள். குழந்தைக்கு மட்டும் புது நூல் வாங்குங்கள் என்பதுதான் என் பேச்சு.

மீனா, ஆதம்பாக்கம்

அக்கா, கொளுத்திப் பார்த்துவிட்டேன். 31 வகையில் கம்பளி மூன்றுதான். முப்பது வருஷமாக நான் உல்லன் உல்லன் என்று பொத்திப் பொத்தி வைத்ததெல்லாம் பிளாஸ்டிக்! ஒரு மணியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். புடவைகளைப் பிரித்துப் பார்த்தேன், அடிபடவில்லை, முருகன் காப்பாற்றினான். மூன்று பொட்டலமும் இப்போது ஃப்ரீசரில் மீனுக்குப் பக்கத்தில். மஞ்சள் கண்டுகள் இருந்தது அரிசிப்பையில், அங்கே உருண்டை போட்டதில்லை. அதனால் அதையே வைத்துக்கொள்கிறேன், சரிதானே?

தறிக்காரன், ஈரோடு

அக்ரிலிக்தானே, உருண்டையும் படவில்லை, தாராளமாகப் பின்னுங்கள் அம்மா. பின்னுவது என் வீட்டுக்காரி, நூலைப் பராமரிப்பது நான். எங்கள் வீட்டில் வேலை அப்படிப் பிரிந்திருக்கிறது.

மஞ்சள் இரண்டு விதமாக இருக்கக் காரணம் சாய லாட். ஒரே நிறம், ஒரே கம்பெனி என்றாலும் ஒவ்வொரு தொட்டிச் சாயமும் ஒரு மயிரிழை மாறும். லேபிளில் லாட் எண் அதற்குத்தான். போர்வை முழுதையும் பிரிக்க வேண்டியதில்லை, நிறம் மாறிய இடத்துக்குக் கொஞ்சம் முன்பு வரை பிரித்தால் போதும். சேருகிற இடத்தில் இரண்டு வரிசை இது, இரண்டு வரிசை அது என்று ஒரு பத்துப் பன்னிரண்டு வரிசை மாற்றி மாற்றிப் போடச் சொல்லுவாள் என் வீட்டுக்காரி. கண்ணுக்குக் கோடு தெரியாது.

இனிமேல் லேபிளை எறியாதீர்கள். ஒரு முழம் நூலை அதே லேபிளில் ஓட்டை போட்டுக் கட்டி ஒரு நோட்டில் ஒட்டிவிடுங்கள். லேபிளில் 100 கிராம் 220 மீட்டர் என்று இருக்கிறது, மிச்சம் 35 கிராம் நிற்கிறது என்றால் 77 மீட்டர் இருக்கிறது. அளக்க வேண்டாம், சமையலறைத் தராசு போதும். திருப்பூர்ப் பக்கம் கிலோ கணக்கில் மிச்சக் கோன் வாங்குகிறவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் முக்கியம். 20ஆம் நம்பர் பருத்தி ஒற்றை இழை 100 கிராம் கிட்டத்தட்ட 3,380 மீட்டர் ஓடும். எட்டு இழையைச் சேர்த்துப் பின்னினால் 420 மீட்டர். நம்பர் ஏற ஏற நூல் மெலியும், இது தெரியாமல் 40ஆம் நம்பர் வாங்கி வந்து தலையில் கை வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

டப்பாவா பையா என்று கேட்டீர்கள். ஈரோட்டில் நான் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா வைத்திருக்கிறேன், ஒன்றும் ஆவதில்லை. உங்கள் ஊர் உப்புக்காற்றில் நேரம் பார்த்து மூடுங்கள். கார்த்திகை அடைமழையில் மூடினால் ஈரத்தையும் சேர்த்தே பூட்டி வைக்கிறோம், பருத்தி நூலில் பூஞ்சை வாடை அடித்துவிடும். மாசி வெயிலில் ஒரு நாள் நிழலாகக் காய வைத்து மூடினால் கவலை இல்லை. நேர் வெயில் வேண்டாம், சாயம் வெளுக்கும். எனக்குப் பிடித்த ஏற்பாடு: கம்பளி மட்டும் டப்பாவில், பருத்தி துணிப்பையில், அக்ரிலிக் எங்கே வேண்டுமானாலும். அதற்காகப் பணம் செலவு செய்யாதீர்கள்.

இன்னொன்று, கம்பளியை உருண்டையாக இறுக்கிச் சுற்றி வருஷக்கணக்கில் வைக்காதீர்கள். இழுபட்ட நிலையிலேயே இருந்து துள்ளல் போய்விடும். சிட்டாவாகவே, அதாவது தளர்ந்த வளையமாகவே, இருக்கட்டும். நாலு இடத்தில் எட்டுப் போட்ட மாதிரி தளர்வாகக் கட்டு போட்டால் சிக்காது, எங்கள் தறி நூலுக்குச் செய்வதே அதுதான். பின்னுகிற அன்றைக்கு ஸ்டூலைக் கவிழ்த்து நாலு காலில் மாட்டி, சப்பாத்திக் கட்டையில் சுற்றிக்கொள்ளுங்கள். கட்டையை உருவினால் நடுவிலிருந்து நூல் வரும், கண்டு ஹாலெல்லாம் உருளாது.

சிக்குக்கு ஆறுதல் இதுதான்: இழுக்காமல் இருந்தால் பாதி சிக்கு இல்லை. தட்டில் போட்டு வெளிப்பக்கம் விரித்து விரித்துத் தளர்த்துங்கள், விடுபட்ட நீளத்தை உடனுக்குடன் அட்டையில் சுற்றுங்கள். ஒரு மணி நேரம் பார்த்து முடியாவிட்டால் கத்தரி இருக்கிறது, பாவம் ஒன்றும் இல்லை.

கயல், கோவை ஹாஸ்டல்

ஆன்ட்டி, எனக்கு இருப்பதே ஒரு கட்டில், ஒரு கால் பீரோ. கதவில் மாட்டுகிற ஷூ ஹேங்கர் ஒன்றில் 24 அறை இருந்தது, அறைக்கு ஒரு கண்டு. நிறம் கண்ணுக்குத் தெரிவதால் இருக்கிறதையே மறுபடி வாங்குவது நின்றுபோச்சு. துண்டு துக்கடாவை எல்லாம் அம்மாவின் பழைய வளையல் ஸ்டாண்டில் சுற்றி வைத்திருக்கிறேன். பின்னும்போது கண்டை எவர்சில்வர் தூக்கில் போட்டு, மூடியைக் கொஞ்சம் திறந்து வைத்தால் பூனையும் தொடாது. எங்கள் ஹாஸ்டலில் பூனை உண்டு, வார்டனுக்குத் தெரியாது.

மீனா, ஆதம்பாக்கம்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். கம்பளி இரண்டு வாரத் தவம் முடித்து, ஒரு நாள் வெளியே இருந்து, மறுபடி உள்ளே போயிருக்கிறது. பருத்தி ஆறு மஞ்சப்பையில். ஒவ்வொரு பை வாயிலும் உள்ளே இருக்கிற நூலிலேயே ஒரு குஞ்சம் கட்டியிருக்கிறேன், பையைத் திறக்காமலே தெரிகிறது. சூட்கேஸ் நூல் இன்னும் பால்கனியில் தொங்குகிறது, கீழ்வீட்டு மாமி என்ன விசேஷம் என்று கேட்டுவிட்டார். நோட்டும் போட்டாச்சு. கட்டைப்பைச் சிக்கில் மட்டும் தறிக்காரர் சொன்ன ஒரு மணி நேரம் எனக்கு நாலு சாயங்காலம் ஆனது. கத்தரியை எடுக்க மனசு வரவில்லை.

அந்தச் சிக்குக்கு நடுவில் 10ஆம் நம்பர் ஊசியோடு ஒரு பாதிக் கை கிடைத்தது. நீல ஸ்வெட்டர், என் பையன் யுகேஜி போகும்போது ஆரம்பித்தது. கை மட்டும் என் உள்ளங்கை நீளம். மருமகள் எடுத்துப் பார்த்துவிட்டு, "முடிச்சிடுங்க அத்தை, சைஸ் எப்படியும் ஒருத்தருக்கு ஆகும்" என்றாள். மிச்சம் நூல் எடை போட்டேன், 85 கிராம். முன்பக்கத்துக்கு வரும், முதுகுக்கு வராது. லாட் எண் யாருக்குத் தெரியும்!

போர்வையில் லாட் மாறுகிற இடத்தைத் தாண்டி 22 வரிசை போயிருக்கிறது. கோடு தெரியவில்லை அண்ணா, பால்கனியில் வைத்தே பார்த்தேன். நேற்று ராத்திரி அவர் ஃப்ரீசரைத் திறந்து, பொட்டலத்தை வெளியே எடுத்து, "இந்தக் கறி எப்ப வாங்கினது, முடியா இருக்கே" என்று கேட்டார்.