பிள்ளைகள் கேட்பதும் வீட்டுச் செலவும்: எங்கே நிறுத்துவது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். எங்களுக்கு 10 வயதில் ஒரு மகளும் 6 வயதில் ஒரு மகனும் இருக்கிறார்கள். சென்ற ஆறு மாதக் கணக்கைக் கூட்டிப் பார்த்தபோது, வாடகையும் பள்ளிக் கட்டணமும் போக மிஞ்சியதில் பெரும்பகுதி, பிள்ளைகள் கேட்டார்கள் என்பதற்காக வாங்கிய பொருள்களுக்கே போயிருப்பது தெரிந்தது. பொம்மை, கார்ட்டூன் படம் போட்ட பை, கைப்பேசி விளையாட்டுக்குள் விற்கும் ‘வைரங்கள்’ என்று தனித்தனியே பார்த்தால் எல்லாம் சில்லறைத் தொகைகள்தாம். விற்பதற்காகத்தான் விளம்பரத்தில் அப்படிச் சொல்கிறார்கள் என்று எத்தனை முறை விளக்கினாலும் மகன் நம்ப மறுக்கிறான். மகளோ விளம்பரத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை. “வகுப்பில் எல்லாரிடமும் இருக்கிறது” என்கிறாள், அதற்கு என்னிடம் பதில் இல்லை. கண்டிப்பாக மறுத்துவிடுவதா, கைச்செலவுப் பணம் கொடுத்து அவர்களையே முடிவெடுக்க விடுவதா?

மறுமொழி 1

உங்கள் மகன் அடம் பிடிக்கவில்லை, அம்மா. அவன் வயதுக்கு அது புரியாது. விளம்பரம் என்பது நம்மை இணங்கவைக்கச் செய்யப்படுவது என்பதை 8 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளால் பொதுவாகப் பகுத்தறிய முடிவதில்லை என்று அமெரிக்க உளவியல் சங்கத்தின் குழு 2004-இல் அறிக்கை அளித்தது. கனடாவின் கியூபெக் மாகாணம் 13 வயதுக்கு உட்பட்டோரை நோக்கிய வணிக விளம்பரங்களை 1980 முதல் தடை செய்திருக்கிறது. பொம்மை நிறுவனம் ஒன்று அதை எதிர்த்து வழக்காடியபோதும், அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1989-இல் தடை செல்லும் என்றே தீர்ப்பளித்தது. ஆனால் இன்று பிள்ளைகள் பார்ப்பது தொலைக்காட்சி இடைவேளையை அல்ல. இன்னொரு குழந்தை பொம்மைப் பெட்டியைப் பிரித்துக் காட்டிக் குதூகலிக்கும் காணொளியில், விளம்பரம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று நமக்கே தெரிவதில்லை. ஆகையால் அவனுக்கு விளக்கம் சொல்வதைவிட, அவன் பார்க்கும் நேரத்தைக் குறைப்பதே பயன் தரும்.

மறுமொழி 2

வைரங்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அங்கேதான் நானும் ஏமாந்தேன். உண்மைப் பணத்தை முதலில் வைரமாகவோ நாணயமாகவோ மாற்றச் சொல்வதால், எவ்வளவு செலவாகிறது என்ற உணர்வே பிள்ளைக்கு அற்றுப்போகிறது. விற்கும் கட்டின் அளவும் பொருளின் விலையும் பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை. கணக்கில் கொஞ்சம் மிஞ்சி நிற்கும், அதை வீணாக்காமல் இருக்க இன்னொரு கட்டு வாங்கத் தோன்றும். ஒருமுறை கடவுச்சொல் இட்டால் அடுத்த 15 நிமிடங்களுக்குப் பெற்றோரைக் கேட்காமலே வாங்க முடிந்த ஏற்பாடு ஆப்பிள் நிறுவனத்தின் செயலிக் கடையில் இருந்தது. அமெரிக்க மத்திய வணிக ஆணையம் தலையிட்டதால், குறைந்தது 3 கோடியே 25 லட்சம் டாலரைத் திருப்பித் தர 2014-இல் அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது. இன்றே கைப்பேசியின் அமைப்புகளுக்குள் சென்று, ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்கும்படி மாற்றிவிடுங்கள். சேமித்து வைத்திருக்கும் அட்டை விவரத்தையும் நீக்கிவிடுங்கள்.

மறுமொழி 3

மேலே உள்ள இருவரும் மகனைப் பற்றியே எழுதியிருக்கிறார்கள். எனக்கு மகளின் வாக்கியம்தான் முக்கியமாகப் படுகிறது. 10 வயதுப் பிள்ளை ‘எல்லாரிடமும் இருக்கிறது’ என்று சொல்லும்போது, பல நேரங்களில் அது பொருளைப் பற்றிய பேச்சே அன்று. கூட்டத்தில் தனக்கு இடம் இருக்குமா என்ற அச்சம். அதற்கு ‘விலை அதிகம்’ என்று பதில் சொன்னால், அவள் கேட்காத கேள்விக்கு நாம் விடை சொல்வதாகிவிடும். அந்த எல்லாரும் யார் யார் என்று பெயர் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்றையும் கூச்சத்தோடு ஒப்புக்கொள்கிறேன். என் மகளுக்குச் சிக்கனத்தைப் பற்றி நீண்ட உரை ஆற்றிய அதே மாதத்தில், நன்றாக இயங்கிக்கொண்டிருந்த என் கைப்பேசியைத் தள்ளிவிட்டுப் புதியதைத் தவணையில் வாங்கினேன். “உங்கள் அலுவலகத்தில் எல்லாரிடமும் இருக்கிறதா, அப்பா?” என்று அவள் கேட்டாள். அதன்பின் மாதக் கணக்கை அவளையும் உட்கார வைத்துக்கொண்டே எழுதுகிறோம்.

கைச்செலவுப் பணத்தைப் பொறுத்தவரை, கொடுங்கள். ஆனால் அவள் அதை முட்டாள்தனமாகச் செலவழித்தாலும் மாதத்தின் நடுவில் ஈடுசெய்யாதீர்கள். ஈடுசெய்தால் அது வெறும் கூடுதல் செலவு.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. கடவுச்சொல் அமைப்பை நேற்றிரவே மாற்றிவிட்டேன். மகளிடம் பெயர் கேட்டபோது, ‘எல்லாரும்’ என்பது மூன்று பேராகச் சுருங்கியது. மதிய இடைவேளையில் சேகரிப்பு அட்டைகளை வைத்து விளையாடுகிறவர்கள் அவர்கள். அட்டை இல்லாதவள் பக்கத்தில் நின்று பார்க்கத்தான் முடியுமாம். ஒரு கட்டு நாங்கள் வாங்கித் தருவது, அதற்கு மேல் வேண்டியதை அவள் கைப்பணத்தில் வாங்கிக்கொள்வது என்று பேசி முடித்தோம். காணொளி நேரத்தைக் குறைத்ததில் மகனுக்கு என்மேல் கடுங்கோபம். அது இன்னும் தணியவில்லை.