டரான்டுலா குட்டி 6 வாரமாகச் சாப்பிடவில்லை, குழியையும் மூடிவிட்டது. தோண்டிப் பார்க்கலாமா?

ஹாரோ அப்பா

வணக்கம். லண்டனில் ஹாரோ பக்கம் இருக்கிறோம். போன மே மாதம் மகனின் 13 வது பிறந்தநாளுக்கு ஒரு டரான்டுலா குட்டி, அதாவது உடம்பெல்லாம் முடியுள்ள பெரிய சிலந்தி வகையின் குட்டி, வாங்கிக் கொடுத்தோம். மெக்சிகோ சிவப்பு முழங்கால் வகை, டப்பாவில் பிராக்கிபெல்மா ஹமோரி என்று எழுதியிருந்தது. வந்த அன்று கால்களை விரித்தால்கூட 1 செ.மீ.தான். மகன் ஒரு கொப்பியில் திகதி போட்டு எழுதிக்கொண்டு வருகிறான், எப்போது சாப்பிட்டது, எப்போது தோல் உரித்தது, எத்தனை மில்லிமீற்றர் என்று. இதுவரை மூன்று தடவை உரித்திருக்கிறது, இப்போது ஏறக்குறைய 2 செ.மீ.

பிரச்சினை என்னவென்றால், 6 வாரமாக ஒன்றும் சாப்பிடவில்லை. கிரிக்கெட் பூச்சியின் கால் துண்டு போட்டாலும் தொடவில்லை. 10 நாளுக்கு முன் தும்புத்தூளை உருட்டி உருட்டிக் குழியின் வாயையே அடைத்துவிட்டது. மகன் இரவில் எழும்பிப் போய் டோர்ச் அடித்துப் பார்க்கிறான், பள்ளிக்கூடத்திலும் அதே யோசனை. மெதுவாகத் தோண்டி உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்போமா என்று கேட்கிறான். டிசம்பர் குளிர் என்பதால் பெட்டிக்கு அடியில் சூட்டு விரிப்பு போடச் சொல்லி ஒருவர் சொன்னார், அதுவும் சரியா தெரியவில்லை.

இன்னொன்று, அம்மா மன்னாரிலிருந்து வந்து எங்களோடு நிற்கிறார். இதுவும் புலிமுகச் சிலந்தியும் ஒன்றுதான் என்று சொல்லி அந்த அறைப் பக்கமே வருவதில்லை. உண்மையில் ஒன்றா?

கோவை கீதா

அண்ணா, தயவுசெய்து தோண்டாதீர்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம்.

நீங்கள் சொல்வது எல்லாமே தோல் உரிக்கப் போகிற அறிகுறி. சாப்பாட்டை நிறுத்தும், மந்தமாகும், வயிறு உருண்டு பளபளக்கும், உள்ளே புதுத் தோல் தயாராகிவிட்டால் வயிறு கறுத்துத் தெரியும், குட்டிகள் பெரும்பாலும் வாசலை அடைத்துக்கொண்டு உள்ளே இருக்கும். வாசலை அடைப்பது என்றால் தொந்தரவு செய்யாதே என்று அர்த்தம். வயிறு உருண்டையாக இருந்த குட்டி 6 வாரம் சாப்பிடாமல் இருப்பதில் பயப்பட ஒன்றுமில்லை, வளர்ந்தவை மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும்.

நான் 2016 இல் இதே தவறைச் செய்தேன். எனக்கும் ஐந்து வாரம் பொறுக்க முடியவில்லை, ஸ்பூனால் மண்ணை விலக்கினேன். அது மல்லாந்து படுத்து, பாதிக் கால்களைப் பழைய தோலிலிருந்து இழுத்துக்கொண்டிருந்த நேரம். மண் சரிந்து மேலே விழுந்தது. இரண்டு கால்கள் உள்ளேயே சிக்கி, அடுத்த நாள் இறந்துவிட்டது. அந்த நேரத்தில் அதன் உடம்பு ஈர மாவு மாதிரி இருக்கும், எது பட்டாலும் தாங்காது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு மனது கஷ்டமாக இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இப்போதைக்குப் பெட்டிக்குள் உயிருள்ள பூச்சி ஏதும் இருந்தால் எடுத்துவிடுங்கள், உரிக்கும்போது கிரிக்கெட் பூச்சி அதையே கடித்துத் தின்றுவிடும். ஒரு மூலையில் மட்டும் கோகோபீட்டில், அதாவது நீங்கள் சொன்ன தும்புத்தூளில், சில சொட்டுத் தண்ணீர் விட்டு ஈரமாக வையுங்கள், மறுபக்கம் காய்ந்தே இருக்கட்டும். சூட்டு விரிப்பை அடியில் வைக்கவே கூடாது. காட்டில் மேலே சூடானால் சிலந்தி கீழே போகும், அங்கே குளிர்ச்சி இருக்கும். பெட்டியில் அடியிலிருந்து சூடு வந்தால் அது கீழே போகப் போக இன்னும் காயும். நீங்கள் சுவெட்டர் போட்டுக்கொள்ளாமல் உட்காரக்கூடிய அறை என்றால் அதற்கும் அதுவே போதும்.

இன்னொரு விஷயம், ஒருநாள் அது மல்லாந்து கிடப்பதைப் பார்த்தால் செத்துவிட்டது என்று நினைத்து எடுத்துவிடாதீர்கள். சாகிற சிலந்தி பெரும்பாலும் நேராகத்தான் இருக்கும், கால்கள் மட்டும் வயிற்றுக்கு அடியில் கை மூடினது போல மடங்கிவிடும். டரான்டுலா காலை நீட்டுவதற்கு உடம்புத் திரவத்தின் அழுத்தத்தைத்தான் நம்பியிருக்கிறது, நீர் வற்றினால் அந்த அழுத்தம் போய்க் கால் சுருண்டுவிடும்.

பழைய சட்டை

தம்பி, கீதா சொன்னதற்கு மேல் தோல் உரிப்பைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் மகனின் கொப்பியைப் பற்றிச் சொல்கிறேன், அந்தப் பிள்ளை சரியான வேலை செய்கிறான்.

இனிமேல் உரிக்கிற ஒவ்வொரு சட்டையையும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். வெறும் வெளித்தோல் என்றுதான் நானும் ஆரம்பத்தில் நினைத்தேன். முதுகு ஓடு ஒரு மூடி மாதிரித் திறந்து வரும், பற்கள் வரும், இரைப்பையின் உள்பூச்சு வரும், மூச்சுவிடும் புத்தக நுரையீரல் நாலும் வெள்ளைத் தாள் அடுக்குப் போல உள்ளே ஒட்டியிருக்கும். காய்ந்தால் நொறுங்கிவிடும், அதனால் ஒரு சொட்டுப் பாத்திர சோப்புக் கலந்த தண்ணீரில் ஊறவைத்து, மெல்லிய தூரிகையால் வயிற்றுப் பகுதியை விரிக்க வேண்டும். கால் விரிப்பு 4, 5 செ.மீ. வந்த பிறகு நல்ல உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் ஆணா பெண்ணா என்று அதிலேயே பார்த்துவிடலாம். மேல் இரண்டு நுரையீரலுக்கும் நடுவில், உள்பக்கம், சின்ன மடல் மாதிரி ஒன்று எழுந்து நின்றால் பெண். விந்தைச் சேமித்து வைக்கும் உறுப்பு அது, ஆணுக்கு இருக்காது. முதல் தடவை அதைக் கண்டுபிடித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

இது ஏன் முக்கியம் என்றால், பெண் என்றால் 20 வருடத்துக்கு மேல் இருக்கும், பெரிதான பிறகும் உரித்துக்கொண்டே இருக்கும், கால் ஒன்று போனாலும் அடுத்தடுத்த உரிப்புகளில் திரும்ப வளர்த்துக்கொள்ளும். ஆணுக்கு அப்படியில்லை. சில வருடத்தில் கடைசி உரிப்பு வரும், முன்னங்கால்களில் கொக்கி முளைக்கும், வாயருகில் உள்ள சின்னக் கைகளின் நுனி குத்துச்சண்டைக் கையுறை போட்டது போலத் திரளும், அதன் பிறகு இரவெல்லாம் துணை தேடிச் சுற்றிக்கொண்டே இருக்கும், பொதுவாக ஒன்று ஒன்றரை வருடத்தில் முடிந்துவிடும். மகன் அதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. பெண் என்றால் அவன் பல்கலைக்கழகம் போகும்போது யார் பார்த்துக்கொள்வது என்று நீங்களும் இப்போதே யோசியுங்கள்.

பெட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. வளர வளரப் பெட்டியை அகலமாக மாற்றுங்கள், உயரமாக வேண்டாம். மண்ணை நிரப்பி, மேலே மிஞ்சும் உயரம் கால் விரிப்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் போகாமல் வையுங்கள். தரையில் வாழும் வகை, ஏறி விழுந்தால் வயிறு கிழிந்துவிடும். நான் இழந்தவற்றில் ஒன்று 25 செ.மீ. உயரத்திலிருந்து விழுந்துதான் போனது.

வன்னி மைந்தன்

புலிமுகச் சிலந்தி பற்றி அம்மாவுக்குச் சொல்லுங்கள், இரண்டும் ஒரே குடும்பம்தான், ஆனால் வேறு வகை. நம் பக்கத்துப் புலிமுகம் பொசிலோதெரியா இனம், மரப்பொந்தில் வாழும், மின்னல் மாதிரி ஓடும், கடித்தால் பல நாட்களுக்கு, சிலருக்கு வாரக்கணக்கில், தசைப்பிடிப்பு வரும். அம்மா பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. உங்கள் சிவப்பு முழங்கால் மெதுவான பிறவி, அதன் விஷம் பெரிதாக ஒன்றும் செய்யாது. ஆனால் வளர்ந்த பிறகு வயிற்று முடியைப் பின்னங்காலால் தட்டிவிடும், கையில் பட்டால் அரிக்கும், கண்ணில் பட்டால் பெரிய தொல்லை. மகன் பெட்டிக்குள் முகத்தை வைத்துப் பார்க்க வேண்டாம், கையில் எடுத்து விளையாடவும் வேண்டாம்.

மன்னார் என்றதால் இதையும் சொல்ல வேண்டும். இராமேஸ்வரத்து அனுமன் கோயில் ஒன்றின் பெயரால் 2004 இல் பெயர் வைக்கப்பட்ட பொசிலோதெரியா அனுமவிலாசுமிகா என்ற வகை மன்னாரிலும் இருப்பது பிறகு பதிவானது. கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே சிலந்தி! வன்னியில் மாங்குளத்தில் கண்ட இன்னொன்றுக்கு 2012 இல் பொசிலோதெரியா ராஜேயி என்று பெயரிட்டார்கள். மரங்களை வெட்ட வெட்ட இவை வீடுகளுக்குள் வருகின்றன, வந்ததும் அடித்துக் கொல்கிறோம். 2019 முதல் பொசிலோதெரியா இனம் முழுவதும் சைட்டிஸ் பட்டியலில், அதாவது காட்டு உயிர்களின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தின் பட்டியலில், இருக்கிறது. ஊரில் யாராவது பிடித்துத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். வீட்டில் கண்டால் வாளியைக் கவிழ்த்து, அட்டையை அடியில் செருகி, மரத்தடியில் விட்டுவிடச் சொல்லுங்கள்.

ஹாரோ அப்பா

எல்லோருக்கும் நன்றி. தோண்டவில்லை. 16 நாள் பொறுத்தோம். நேற்றுக் காலை குழி வாசல் திறந்திருந்தது, வெளியே சுருண்டு கிடந்தது பழைய சட்டை. மகன் கத்திய சத்தத்தில் அம்மாவும் ஓடி வந்துவிட்டார், கதவருகில் நின்றுதான், ஆனால் பார்த்தார். கொப்பியில் 27 மி.மீ. என்று எழுதியிருக்கிறான். முழங்காலில் முதல்தடவையாக செம்மஞ்சள் நிறம் தெரிகிறது. சட்டையைச் சோப்புத் தண்ணீரில் விரித்துப் பார்த்தோம், ஆணா பெண்ணா என்று சொல்ல இன்னும் சின்னது, ஆனால் நுரையீரல் நாலும் தெளிவாகத் தெரிந்தன. பல் சிவப்பாக இருக்கிறது. இன்று சாப்பாடு போடலாமா?

கோவை கீதா

ரொம்ப சந்தோஷம் அண்ணா! இன்று வேண்டாம். உரித்தவுடன் பல் வெள்ளையாக இருக்கும், பிறகு சிவக்கும், நன்றாகக் கறுத்த பிறகுதான் இரையைக் கடிக்கிற உறுதி வரும். இந்த அளவுக் குட்டிக்கு ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை தண்ணீர் மட்டும். முதல் சாப்பாடு கொன்ற பூச்சியாகவே இருக்கட்டும்.