புதிய ஐ20 என் லைன்: மன்னார்குடிச் சாலைகளில் முதல் 2,100 கிலோமீட்டரும் சில ஐயங்களும்

பாமணியாற்றங்கரை, மன்னார்குடி:

வணக்கம். பதினோரு ஆண்டுகள் ஓட்டிய ஸ்விஃப்ட்டைக் கொடுத்துவிட்டு ஹூண்டாய் ஐ20 காரின் விறுவிறுப்பான வடிவமான என் லைன் வாங்கி ஏழு வாரம் ஆகிறது. ஆறு கியர் கொண்ட மேனுவல் வண்டி. நான்கு மீட்டருக்கு மிகாத நீளமும் 1,200 சிசிக்கு மிகாத பெட்ரோல் எஞ்சினும் உள்ள கார்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரி 18 விழுக்காடாகக் குறைந்த பிறகுதான், இரண்டு ஆண்டாகத் தள்ளிக்கொண்டே வந்த ஆசைக்கு வீட்டில் ஒப்புதல் கிடைத்தது.

998 சிசி மூன்று சிலிண்டர் டர்போ எஞ்சினுக்கு 120 குதிரைத்திறன் என்று படித்தபோது எனக்கு அது வெறும் எண்ணாகவே தெரிந்தது. 172 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை (சக்கரத்தைச் சுழற்றும் விசை) எஞ்சின் நிமிடத்துக்கு 1,500 சுழற்சி சுற்றும்போதே வந்து 4,000 வரை அப்படியே நிற்கிறது என்பதன் பொருள், வடுவூர் வழியாகத் தஞ்சாவூருக்குப் போன முதல் நாள்தான் விளங்கிற்று. இருபுறமும் வைக்கோல் பிதுங்க, சாலையின் முக்கால் அகலத்தை அடைத்துக்கொண்டு ஒரு டிராக்டர் போய்க்கொண்டிருந்தது. பழைய வண்டியாக இருந்தால் இரண்டாம் கியருக்கு இறக்கி, எஞ்சினை அலறவிட்டு, எதிரே தனியார் பேருந்து வந்துவிடக் கூடாதே என்று குலதெய்வத்தை நினைத்துக்கொண்டு ஏறவேண்டும். இந்த வண்டியில் மூன்றாம் கியரிலேயே மிதித்தேன். ஒரு கணம் தயங்கியது, பிறகு யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளியதுபோலப் போய், நான் எதிர்பார்த்ததற்கு முன்பே இடதுபக்கம் திரும்பி வந்துவிட்டேன். 1,500-க்குக் கீழே சுழற்சி விழுந்தால் அந்தத் தயக்கம் நன்றாகவே தெரிகிறது. ஊருக்குள் வேகத்தடை தாண்டியதும் இரண்டாம் கியருக்கு இறக்க மறந்தால் வண்டி சோம்பிவிடுகிறது.

ஸ்டீயரிங் கனமாக இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக் இருப்பதால் மிதித்த அளவுக்கு ஏற்ப வண்டி நிற்கிறது. பழைய வண்டியில் இருந்த திடீர்ப் பிடிப்பு இல்லை. இரட்டைக் குழாய் சைலன்சரின் ஓசையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவேண்டியதில்லை; எதிர்வீட்டுப் பெரியவர் மூன்றாம் நாள் காலையில் வந்து, "தம்பி, புது வண்டிதானே, அதற்குள் சைலன்சர் ஓட்டையாகிவிட்டதா?" என்று அக்கறையோடு கேட்டார்.

இனி என் ஐயங்கள். முதலாவது, சஸ்பென்ஷன், அதாவது சாலையின் அதிர்வைத் தாங்கும் அமைப்பு. இந்த வண்டிக்கு அதைச் சாதாரண ஐ20-ஐவிட இறுக்கமாக அமைத்திருக்கிறார்கள் என்பது தெரிந்துதான் வாங்கினேன். தஞ்சாவூர்–திருச்சி நான்குவழிச் சாலையில் அது பெரிய இன்பம். வண்டி தரையோடு ஒட்டிக்கொள்கிறது. ஆனால் வடவாற்றுக் கரையில் மதகுக்கு மதகு சாலை மேடேறி இறங்கும் இடங்களில் ஒவ்வொரு மேடும் முதுகுத்தண்டில் வந்து கணக்குச் சொல்கிறது. பின்னிருக்கையில் இருந்த அம்மா, "இது காரா, ஜீப்பா?" என்று கேட்டார். ஓடஓட இது இளகுமா?

இரண்டாவது கொஞ்சம் வருத்தமான செய்தி. 1,900 கிலோமீட்டரில், மழை இரவொன்றில், எதிரே வந்த லாரிக்கு வழிவிட ஒதுங்கியபோது, தார் முடிந்து மண் தொடங்கும் இடத்தில் உடைந்து நின்ற விளிம்பில் இடது முன்சக்கரம் இறங்கி ஏறியது. மறுநாள் பார்த்தால் டயரின் பக்கச் சுவரில் பாதி எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு கொப்புளம். காற்று இறங்கவில்லை. அப்படியே ஓட்டலாமா? இப்போதுள்ள 195/55 ஆர்16 டயருக்குப் பதிலாக, உயரம் கூடிய 195/60 போட்டால் இந்தத் தொல்லை தீருமா?

மூன்றாவது, மைலேஜ். தொட்டியை நிரப்பி ஓட்டி மறுபடி நிரப்பிக் கணக்கிட்டதில் 412 கிலோமீட்டருக்கு 28 லிட்டர் பிடித்தது, அதாவது லிட்டருக்கு ஏறக்குறைய 14.7. பாதி கிராமச் சாலை, பாதி தஞ்சாவூர்ப் பயணம். இது சரிதானா?

குடந்தை வெற்றிலை, கும்பகோணம்:

வாழ்த்துகள், நண்பரே. நான் 2021-இல் முதல் முறை வந்த என் லைனை ஏழு கியர் இரட்டைக் கிளட்ச் தானியங்கியாக வாங்கி, 58,000 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன்.

முதலில் கொப்புளம். அந்த டயரில் இனி ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள். டயரின் பக்கச் சுவருக்குள் இருக்கும் நூலிழைகள் அறுந்து, வெளி ரப்பர் மட்டும் காற்றைத் தாங்கிக்கொண்டிருப்பதைத்தான் அந்தக் கொப்புளம் காட்டுகிறது. பஞ்சர்போல அதை ஒட்டிச் சரிசெய்ய வழியில்லை. அதிலும் அது முன்சக்கரம்; நீங்கள் விவரித்தபடி டிராக்டரைத் தாண்டும்போது அது வெடித்தால் ஸ்டீயரிங்கைப் பிடித்து நிறுத்துவது எளிதல்ல. இன்றே ஸ்டெப்னியை மாட்டுங்கள்.

சஸ்பென்ஷன் இளகுமா என்றால், சிறிதளவு இளகும். என் வண்டியில் ஐயாயிரம் கிலோமீட்டருக்குப் பிறகு முரட்டுத்தனம் கொஞ்சம் குறைந்ததாக உணர்ந்தேன், அது என் முதுகு பழகியதாகவும் இருக்கலாம். ஆனால் அதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். காலையில் வண்டியை எடுப்பதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது, நான்கிலும் காற்றழுத்தத்தை அளந்து, ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஒட்டுத்தாளில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தொழிற்சாலையிலிருந்து வரும் வண்டிகள் வாரக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கவேண்டியிருப்பதால் டயரில் காற்று கூடுதலாக இருப்பது வழக்கம்; கையில் கொடுக்கும்போது அதைக் குறைக்கவேண்டும், பல இடங்களில் மறந்துவிடுகிறார்கள். 195 மில்லிமீட்டர் அகலத்தில் 55 விழுக்காடு என்றால் பக்கச் சுவர் 107 மில்லிமீட்டர்தான். உங்கள் பழைய ஸ்விஃப்ட்டில் 165/80 ஆர்14 இருந்திருந்தால் அது 132 மில்லிமீட்டர். அந்த ஒரு அங்குல ரப்பர் இத்தனை ஆண்டும் உங்களுக்குத் தெரியாமல் உங்கள் முதுகைக் காத்துவந்தது.

மைலேஜ் சரியாகவே இருக்கிறது. எத்தனாலில் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எரிசக்தி குறைவு; அது 20 விழுக்காடு கலந்த இப்போதைய பெட்ரோலில் ஆறேழு விழுக்காடு குறைவது இயற்கை. எஞ்சினுக்குள் எரிபொருள் தானாக வெடிக்காமல் தாங்கும் திறனான ஆக்டேன் கூடுவதால் டர்போ எஞ்சினுக்குச் சிறு நன்மையும் உண்டு.

நீங்கள் மேனுவல் எடுத்தது நல்லது என்றே சொல்வேன். என்னுடையதில் இருப்பது எண்ணெயில் மூழ்காத உலர் கிளட்ச். முகூர்த்த நாளில் உப்பிலியப்பன் கோயில் பக்கம் மாட்டிக்கொண்டு அங்குலம் அங்குலமாக நகர்ந்தால் கிளட்ச் சூடாகும். முன்வண்டிக்கும் எனக்கும் இடைவெளி விழும்வரை பிரேக்கில் நிற்பது, பிறகு ஒரேயடியாக நகர்வது என்று பழகிக்கொண்டேன். பின்னால் நிற்பவர்கள் ஹாரன் அடிப்பார்கள், அடிக்கட்டும். 2028 மகாமகத்தின்போது மட்டும் வண்டியை வீட்டைவிட்டு எடுப்பதாக இல்லை.

பட்டறைக்காரர், திருத்துறைப்பூண்டி:

தம்பி, டயரைப் பற்றிக் குடந்தைக்காரர் சொன்னதே என் கருத்தும். டயரை மாற்றும்போது ரிம்மின் உள்விளிம்பையும் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். வெளியே கீறல் இல்லாமல் உள்ளே வளைந்திருக்கும். கூடவே சக்கர அலைன்மென்ட்டும் பார்த்துவிடுங்கள்.

195/60 வேண்டாம். இப்போதைய சக்கரத்தின் மொத்த விட்டம் 621 மில்லிமீட்டர் அளவில் வரும். 195/60-இல் அது 640 ஆகிவிடும், மூன்று விழுக்காடு கூடுதல். மீட்டரில் முன்பு 80 காட்டிய அதே இடத்தில் வண்டி இனி 82-க்கு மேல் போகும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், சக்கரம் பெரிதானால் கியர் நீண்டதற்குச் சமம், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய அந்த இழுவை கொஞ்சம் மந்தமாகும். வாரண்டி பற்றிய கேள்வியும் எழும். அதே அளவில் பக்கச் சுவர் உறுதியான டயராகப் பார்த்துப் போடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சம்பா அறுவடை முடிந்து தை, மாசியில் எங்கள் பக்கச் சாலைகளில் வைக்கோல் கிடக்கும். அதன்பின் உளுந்துச் செடியைப் பரப்பி, போகிற வண்டிகளே அடித்துக் கொடுக்கட்டும் என்று விட்டிருப்பார்கள். தரை தாழ்ந்த வண்டியில் அதன்மேல் மெதுவாக ஊர்ந்தால் செடி அடியில் சுற்றிக்கொண்டு சைலன்சர் குழாயையும் புகையைச் சுத்தப்படுத்தும் வினையூக்கிப் பெட்டியையும் தொட்டுக்கொண்டு நிற்கும். டர்போ எஞ்சினை விரட்டி ஓட்டிவிட்டு வந்தால் அந்தப் பகுதி கொதித்துக்கொண்டிருக்கும். முதலில் கருகல் வாடை, பிறகு புகை. அப்படிக் கருகிய வயரிங்கோடு என் பட்டறைக்கு வண்டி வந்திருக்கிறது. வைக்கோல்மேல் ஒருபோதும் நிறுத்தாதீர்கள். தாண்டியபின் சுத்தமான இடத்தில் இறங்கி அடியில் குனிந்து பாருங்கள். காய்ந்த நெல்மணியோ உளுந்தோ தாரில் சிதறிக் கிடந்தால் அங்கே பிரேக் பிடிக்கவேண்டாம், கோலிக்குண்டின்மேல் கால்வைத்த கதைதான். குறுவை நடவுக் காலத்தில் கேஜ் வீல் என்னும் இரும்புக் கூண்டுச் சக்கரம் பூட்டிய டிராக்டர்கள் வயலிலிருந்து இழுத்துவந்து போடும் சேறும் அதற்குச் சளைத்ததல்ல.

கீழவீதி, தஞ்சாவூர்:

மாற்றுக் கருத்து சொல்வதற்குப் பொறுத்துக்கொள்ளவேண்டும். நான் ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ என்ற டர்போ கார் வைத்திருந்தவன். 2013-இல் அது வந்தபோது 105 குதிரைத்திறனும் 175 நியூட்டன் மீட்டரும் பெரிய பேச்சாக இருந்தன. 2022-இல் போலோ நம் நாட்டில் நின்றேபோயிற்று. எனவே இவ்வகை வண்டியின் சுவை எனக்கும் தெரியும். தெரிந்தும் கேட்கிறேன்: நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் அரைமணி நேரம் எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் நமக்கு 120 குதிரைத்திறன் எதற்கு? ஆற்றங்கரைச் சாலையில் ஒருபுறம் ஆறு, மறுபுறம் பள்ளத்தில் வயல். நடுவில் மேய்ச்சலுக்குப் போகும் ஆயிரம் வாத்துகள். வேகம் 60-லிருந்து 80 ஆனால் பிரேக் உறிஞ்சவேண்டிய ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஏறக்குறைய 1.8 மடங்காகிறது, நிற்கும் தூரமும் அதற்கேற்ப நீள்கிறது. வண்டி எளிதாக வேகமெடுப்பதால் நாம் 80-இல் போவதே தெரியாமல் போய்விடுகிறது. என் போலோ எனக்குக் கற்றுக்கொடுத்த தீய பழக்கம் அதுதான். நான் இப்போது ஓட்டுவது சாதாரண எஞ்சின் கொண்ட உயரமான கார். மதகு மேட்டில் யாரும் என்னைத் திட்டுவதில்லை.

பாமணியாற்றங்கரை, மன்னார்குடி:

மூவருக்கும் நன்றி. கீழவீதி ஐயா சொன்ன 60-80 கணக்கை மறுக்கமுடியாது. மீட்டரைப் பார்த்துத் திடுக்கிட்டுக் காலை எடுத்தது எனக்கும் நேர்ந்திருக்கிறது. ஆனால் அதே கணக்கை மறுபக்கமும் போட்டுப் பார்த்தேன். நானும் எதிரே வரும் பேருந்தும் ஆளுக்கு 80-இல் வந்தால் நொடிக்கு 44 மீட்டர் நெருங்குகிறோம். டிராக்டரைத் தாண்டுவதில் இரண்டு நொடி மிச்சமானால் ஏறக்குறைய தொண்ணூறு மீட்டர் இடம் கிடைக்கிறது. எனக்கு வேண்டியது அந்த இடம். தாண்டி முடித்ததும் பழையபடி ஐம்பதுக்கு இறங்கிவிடுவதற்கு எஞ்சின் ஒன்றும் தடை சொல்வதில்லை. நீடாமங்கலம் கேட்டைப் பற்றி எதிர்வாதம் எதுவும் என்னிடம் இல்லை.

டயரை அதே அளவில் மாற்றிவிட்டேன். ரிம்மின் உள்விளிம்பு தப்பியது. பட்டறைக்காரர் அண்ணன் சொன்னபடி வண்டியைத் தூக்கியபோது அடியில் பார்த்தேன். பின்பக்கக் குறுக்குத்தண்டில் ஒரு பிடி வைக்கோல் காய்ந்து சுற்றியிருந்தது. எப்போது சுற்றியதென்று எனக்கே தெரியாது.

காற்றழுத்தத்தைக் காலையில் அளந்தேன். கதவோரத் தாளில் போட்டிருப்பதைவிட முன்சக்கரத்தில் எட்டு பிஎஸ்ஐயும் பின்சக்கரங்களில் ஏழும் கூடுதலாக இருந்தன. சரியான அளவுக்கு இறக்கிவிட்டு, அதே வடவாற்றுக் கரையில் அதே மதகு மேடுகளின்மேல் அம்மாவை அழைத்துப்போனேன். மேடு தெரிகிறது, ஆனால் ஒரே அசைவில் அடங்கிவிடுகிறது, முன்புபோல முதுகில் குத்துவதில்லை. அம்மாவிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்து, "இப்போது வேன் மாதிரி இருக்கிறது" என்றார்.