அகுஸ்தீனின் ‘அறிக்கைகள்’: சங்கீத எண் பொருந்தவில்லை, 10-ஆம் புத்தகம் நகரவில்லை

லெந்துவாசகன்:
ஸ்தோத்திரம். லெந்து (தவக்கால) நாட்களில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து, ஆதிச் சபைப் பிதா அகுஸ்தீனின் ‘அறிக்கைகள்’ வாசிப்பதாகத் திட்டம். ஆங்கில மொழிபெயர்ப்பு கையில், நம் பழைய திருப்புதல் வேதாகமம் பக்கத்தில். மூன்று சந்தேகம்.

அடிக்குறிப்பில் சொல்லும் சங்கீதத்தைத் திருப்பினால் வேறு ஏதோ வசனம் வருகிறது, ஏன்? 13 புத்தகத்தையும் எப்படிப் பிரிப்பது, 9-ஓடு நிறுத்தினால் தப்பா? பேர் ‘அறிக்கை’, ஆனால் பாவத்தைவிடத் துதிதான் பக்கம் பக்கமாக வருகிறதே?

ஈசோப்பு:
எண் விஷயத்தை முதல் பக்கத்திலேயே சோதித்துவிடலாம் பிரதர். 1.1.1-இல் (புத்தகம், அதிகாரம், பத்தி என்ற வரிசை) கர்த்தருடைய அறிவுக்கு அளவில்லை என்று ஒரு சங்கீத வசனம் வரும். குறிப்பில் 147:5 என்றிருந்தால் நம் எண். 146:5 என்றிருந்தால் லத்தீன் எண். அதை நம் வேதாகமத்தில் திருப்பினால் ‘யாக்கோபின் தேவனைத் தன் துணையாகக் கொண்டிருந்து’ என்று சம்பந்தமில்லாமல் நிற்கும்.

அகுஸ்தீன் கையிலிருந்த லத்தீன் சங்கீதம், பழைய ஏற்பாட்டின் பண்டைய கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தின் எண்ணிக்கையைப் பின்பற்றியது. அதில் நம் 9-உம் 10-உம் ஒரே சங்கீதம். அதனால் லத்தீன் 10 முதல் 112 வரை ஒன்றைக் கூட்டுங்கள். லத்தீன் 113 நம் 114, 115 இரண்டும் சேர்ந்தது. லத்தீன் 114, 115 இரண்டும் நம் 116-க்குள் அடக்கம். 116 முதல் 145 வரை மறுபடி ஒன்றைக் கூட்டுங்கள். நம் 147 அங்கே 146, 147 என இரண்டாக உடைகிறது. 148-க்கு மேல் சிக்கலே இல்லை. இதை ஒரு துண்டுத்தாளில் எழுதி அட்டைக்குள் ஒட்டிவிடுங்கள்.

வசன எண்ணும் வழுக்கும். தலைப்பு வரியையும் வசனமாக எண்ணுவதால் நம் 51:1 அங்கே 50:3.

இது தவறினால் வாதமே புரியாத இடமும் உண்டு. 12.2.2-இல் 113:16 என்று பார்த்து நம் 113-ஐத் திறந்தால் அதில் மொத்தமே 9 வசனம். போக வேண்டியது 115:16. சில பதிப்புகளில் இதே வசனம் 113:24 என்றும் இருக்கும். அங்கே போனாலும் நம்மிடம் ‘வானங்கள் கர்த்தருடையவைகள்’ என்றுதான் இருக்கிறது. அவர் வாசித்த லத்தீனில் ‘வானத்தின் வானம்’. கண்ணுக்குத் தெரியும் ஆகாயத்துக்கு மேலே, அதுவும் சிருஷ்டிக்கப்பட்டதே ஆன ஒரு வானம் என்று 12-ஆம் புத்தகத்தில் அவர் கட்டும் வாதமெல்லாம் அந்த ஒரு சொல்லின்மேல் நிற்கிறது.

பேரைப் பற்றி: லத்தீனில் ‘கொன்ஃபித்தேரி’ என்ற ஒரே வினைச்சொல் பாவத்தை ஒத்துக்கொள்வதற்கும் தேவனைத் துதிப்பதற்கும் வரும். நம் 136-ஆம் சங்கீதம் ‘கர்த்தரைத் துதியுங்கள்’ என்று தொடங்கும் இடத்தில் லத்தீனில் இருப்பது இந்தச் சொல்தான். தமிழில் ‘அறிக்கை’ என்றதும் ஆராதனையில் சொல்லும் பாவ அறிக்கை முந்திக்கொண்டு வருகிறது, அவ்வளவுதான்.

பழையதாள்:
வாரத்துக்கு ஒரு புத்தகம், அல்லது இரண்டு என்று பிரிக்காதீர்கள். அளவு சமமில்லை. 2-இல் 18 பத்தி, 10-இல் 70. பெரும்பாலான குழுக்கள் 10-இல் மூச்சுவாங்கி நிற்பதற்கு ஆழம் பாதிக் காரணம், நீளம் பாதிக் காரணம்.

பத்தி எண்ணை வைத்துப் பிரியுங்கள் (1.1.1-இல் கடைசி எண் பத்தி). 1 முதல் 9 வரை சுமார் 245 பத்தி. லெந்தின் 40 நாளுக்கு நாளொன்றுக்கு 6. அவர் 387-ஆம் ஆண்டு ஈஸ்டரில் மிலானில் அந்நகர பிஷப் அம்புரோஸ் கையால் ஞானஸ்நானம் பெற்றது 9.6.14-இல் வருவதால், உயிர்த்தெழுந்த பண்டிகையை ஒட்டி அந்த இடத்துக்குப் போய்ச் சேருவீர்கள். மிச்சம் 10 முதல் 13 வரை சுமார் 205 பத்தி. ஈஸ்டரிலிருந்து 50-ஆம் நாளான பெந்தெகொஸ்தே வரை நாளுக்கு 4 அல்லது 5.

10-ஐ 27-ஆம் அதிகாரத்தோடு வெட்டுங்கள். அதுவரை ஞாபகம் என்பது என்ன, தேவனை அதில் எங்கே தேடுவது என்ற ஒரே தேடல். பிறகு சோதனைகள். 30-இலிருந்து 1 யோவான் 2:16-தான் சட்டகம்: மாம்சத்தின் இச்சை, கண்களின் இச்சை, ஜீவனத்தின் பெருமை. அந்த வசனத்தைத் திறந்து வைக்காவிட்டால் சாப்பாடு, வாசனை, பாட்டு, வேடிக்கை பார்ப்பது என்று தாவித்தாவிப் போவதுபோலத் தோன்றும். 10.33-ஐ மட்டும் பாடகர் குழுவில் இருப்பவரிடம் வாசிக்கக் கொடுங்கள். பாடப்படும் பொருளைவிடப் பாட்டு தன்னை அதிகம் அசைத்தால் அது பாவம் என்கிறார், ஆனாலும் பாட்டை நீக்கச் சொல்லவில்லை. கீபோர்டு சத்தம் பற்றிய நம் சண்டைக்கு 1600 வயதுக்கு மேல்.

9-ஓடு நிறுத்துவது? நிறுத்தலாம், ஆனால் பாதி வழக்கைக் கேட்டதாகும். 9 வருஷம் அவர் மானிக்கேயர் என்ற மதக்குழுவில் ‘கேட்போர்’ (அடிநிலை உறுப்பினர்) வரிசையில் இருந்தவர். ஒளி, இருள் என்று இரண்டு மூலம் சொன்ன அவர்கள் ஆதியாகமத்தைக் கேலி செய்தார்கள். 11 முதல் 13 வரை ஆதியாகமம் 1-ஐ விளக்க அவர் உட்கார்ந்திருப்பதன் பின்னணி அது.

மாலைச்செபம்:
ஒன்று விட்டுப்போனது. அவர் ஞானநூலையும் சீராக்கையும் வேதமாகவே எடுத்தாள்கிறார். 5.4.7-இல் வரும் அளவு, எண், எடை என்பது ஞானநூல் 11:20, 10.29.40-இல் வருவது அதே நூல் 8:21. இந்த நூல்கள் பழைய திருப்புதலில் இல்லை, தேடிப் பயனில்லை. பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் ஒன்று குழுவில் இருக்கட்டும். இணைத்திருமுறை நூல்கள் பகுதியில் கிடைக்கும்.

லெந்துவாசகன்:
நன்றி. 11-ஆம் புத்தகத்தில்தானே, உலகத்தைப் படைக்குமுன் தேவன் என்ன செய்தார் என்று கேட்டவனுக்கு ‘உன்னைப்போலக் கேட்கிறவர்களுக்கு நரகத்தை ஆயத்தம் பண்ணினார்’ என்று அவர் பதில் சொன்னது?

ஈசோப்பு:
பிரசங்கத்தில் அப்படித்தான் சொல்கிறார்கள். 11.12.14-ஐத் திறந்து பாருங்கள்: யாரோ விளையாட்டாகச் சொன்னதாக அதை எடுத்துச் சொல்லிவிட்டு, நான் அப்படிப் பதில் சொல்லமாட்டேன் என்கிறார். ஆழமான கேள்வி கேட்டவனைக் கேலி செய்வதைவிட, தெரியாததைத் தெரியாது என்பது மேல் என்பது அவர் நிலை. அடுத்த பத்தியிலேயே, காலத்தையும் படைத்தவர் அவரே, காலம் இல்லாதபோது ‘முன்’ ஏது என்று தொடங்குகிறார்.

அந்தப் பகுதி தலைசுற்றினால் முதலில் 11.28.38-ஐ வாசியுங்கள். மனப்பாடமான ஒரு சங்கீதத்தைச் சொல்லும்போது, சொல்லி முடித்தது ஞாபகத்துக்கும் சொல்லப்போவது எதிர்பார்ப்புக்கும் பிரிகிறது என்கிறார். குழுவில் ஒருவர் 23-ஆம் சங்கீதத்தைச் சத்தமாகச் சொல்லட்டும். ‘மரண இருளின் பள்ளத்தாக்கில்’ வரும்போது நிறுத்தி, எவ்வளவு போய்விட்டது, எவ்வளவு மிச்சம் என்று கேளுங்கள். அப்புறம் 11.14-க்குத் திரும்புங்கள்.