பாரதி பூங்காவைச் சுற்றி இரண்டு மணி நேரம்: மாணவர்களுக்கு எதைக் காட்டலாம்?

கெடிலக்கரை கேட்டது:

வணக்கம். கடலூரிலிருந்து ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் 30 பேரைப் புதுச்சேரிக்கு அழைத்துவருகிறோம். பாரதி பூங்காவையும் அதைச் சுற்றியுள்ள பழைய அரசு சதுக்கத்தையும் நடந்தே காட்ட வேண்டும். கையில் இருப்பது காலை இரண்டு மணி நேரம்தான்.

கிடைத்த கையேடுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. பூங்காவுக்குள் இருக்கும் ஆயி மண்டபம் கிருஷ்ணதேவராயர் காலத்தது என்கிறது ஒன்று. கோட்டை இருந்த இடம் பூங்கா என்கிறது இன்னொன்று. அங்கே போய்ப் பார்த்தால் ஒரு மதில் துண்டுகூட இல்லை. செஞ்சித் தூண்கள் எவை, எதில் தொடங்கி எதில் முடிப்பது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பிள்ளைகளிடம் தவறாகச் சொல்லிவிடக் கூடாது.

பழஞ்சுவடி எழுதியது:

கோட்டை இருந்த இடம் பூங்கா என்பது சரிதான். மதில் இல்லை என்பதும் சரி. அந்த வெற்றிடத்தைத்தான் நீங்கள் முதலில் காட்ட வேண்டும்.

பிரெஞ்சு ஆளுநர் பிரான்சுவா மார்த்தேன் காலத்தில் எழுப்பி 1706இல் முடித்தது லூயி கோட்டை. ஐந்து மூலை, மூலைக்கொரு கொத்தளம். இன்றைய பெல்ஜியத்தில் உள்ள தூர்னே கோட்டையை மாதிரியாக வைத்துக் கட்டியது. பின்னாளில் ஆளுநராக இருந்த துய்ப்ளேக்சின் அரண்மனையும் இந்தக் கோட்டைக்குள்தான் இருந்தது. 1761 ஜனவரி 16 அன்று நகரம் ஆங்கிலேயத் தளபதி எயர் கூட் (Eyre Coote) என்பவரிடம் சரணடைந்தது. அதற்குப் பிறகு ஆங்கிலேயர்கள் கோட்டையையும் அரண்மனையையும் பிரெஞ்சுக்காரர்கள் வாழ்ந்த வெள்ளை நகரத்துப் பெரும்பகுதியையும் திட்டம் போட்டு இடித்தார்கள். ஆகவே சதுக்கத்தில் நின்று பிள்ளைகள் பார்க்கும் எந்தக் கட்டடமும் 1761க்கு முந்தியது அல்ல.

ஏன் அப்படித் தரைமட்டமாக்கினார்கள் என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். அதற்கான பதில் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. தேவனாம்பட்டினத்தில் இருந்த புனித டேவிட் கோட்டையை 1758 ஜூனில் பிரெஞ்சுத் தளபதி லாலி ஆங்கிலேயரிடமிருந்து பிடித்து இடித்துத் தள்ளினார். மூன்றாண்டு கழித்து இங்கே விழுந்தது அதற்கான பதிலடி. புறப்படுவதற்கு முன் தேவனாம்பட்டினத்தில் பத்து நிமிடம் நிறுத்துங்கள். அங்கே இடித்ததைப் பார்த்துவிட்டு இங்கே வந்தால், ஒரே சண்டையின் இரண்டு முனைகளும் பிள்ளைகளுக்குப் பிடிபட்டுவிடும்.

ஒரு குழப்பத்தை மட்டும் முன்கூட்டியே தீர்த்துவிடுங்கள். கோட்டை வேறு, நகர மதில் வேறு. கோட்டை கடலோரம், நடுவில். நகர மதில் வெள்ளை நகரம், தமிழர்கள் வாழ்ந்த கருப்பு நகரம் இரண்டையும் சேர்த்து வளைத்தது. இன்றைய புல்வார் சாலைகள், மேற்கே அண்ணா சாலை உட்பட, ஏறக்குறைய அந்த மதிலின் தடத்தில்தான் போகின்றன. நகர வரைபடத்தைக் கையில் கொடுத்து, முட்டை வடிவில் போகும் சாலையை விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். மதில் எங்கே இருந்தது என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

வைசியாள் வீதி எழுதியது:

மேலே சொன்னதோடு ஆயி மண்டபத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது கிருஷ்ணதேவராயர் காலத்தது இல்லவே இல்லை. அவர் ஆண்டது 1509 முதல் 1529 வரை. மண்டபம் எழுந்தது பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் காலத்தில், 1860களில். வெள்ளைச் சுண்ணப் பூச்சு, நான்கு பக்கமும் வளைவு, மூலைகளில் கிரேக்க-ரோமானியப் பாணித் தூண்கள். விஜயநகர வேலைப்பாட்டின் சாயல்கூட அதில் கிடையாது.

வாய்மொழிக் கதை இது. முத்திரப்பாளையம் பக்கம் வந்த ராயர், விளக்கொளியில் நின்ற ஒரு மாளிகையைக் கோயில் என்று எண்ணிக் கும்பிட்டுவிடுகிறார். அது ஆயி என்ற தாசியின் வீடு என்று தெரிந்ததும் கோபத்தில் இடிக்கச் சொல்கிறார். ‘நானே இடிக்கிறேன்’ என்று கெஞ்சி வாங்கிக்கொண்டு, அதே இடத்தில் ஊருக்கு ஒரு குளம் வெட்டிவைக்கிறாள் ஆயி. பதிவு என்று கையில் இருப்பதோ வேறு. கடலோரக் கிணறுகளில் உவர்நீர் என்பதால் வெள்ளை நகரத்தில் நல்ல தண்ணீருக்குத் தட்டுப்பாடு. பொறியாளர் லமைரெஸ் 1863இல் முத்திரப்பாளையத்து ஊற்று நீரைக் கால்வாய் வழியே இந்தச் சதுக்கம்வரை கொண்டுவந்தார். அந்தத் தண்ணீர் வந்ததற்கான நினைவுச்சின்னம்தான் மண்டபம். குளம் வெட்டியவளின் பெயர், தண்ணீர் வந்து சேர்ந்த இடத்துக்கு வந்துவிட்டது.

ஆகவே ‘ஆயி கட்டிய மண்டபம்’ என்று சொல்லாதீர்கள். ‘ஆயி குளத்துத் தண்ணீருக்காகக் கட்டிய மண்டபம்’ என்று சொன்னால் கதையும் நிற்கும், ஆண்டும் நிற்கும். துய்ப்ளேக்சுக்குச் சிலை வைத்த ஊரில், தண்ணீர் கொடுத்த ஒரு பெண்ணின் பெயரைத் தாங்கிய கட்டடமே புதுச்சேரி அரசின் சின்னமாக இருக்கிறது. இதைச் சொல்லாமல் பிள்ளைகளை அங்கிருந்து நகர்த்தாதீர்கள். அந்த லமைரெஸ் திருக்குறளைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்தவர்களில் ஒருவர். தமிழாசிரியர் யாராவது கூட வந்தால் அந்த இழையைப் பிடித்துக்கொள்ளலாம்.

செஞ்சித் தூண்களுக்கு வருகிறேன். பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி 1750 செப்டம்பரில் செஞ்சிக் கோட்டையைப் பிடித்த பிறகு அங்கிருந்து கருங்கல் தூண்களைக் கொண்டுவந்தார்கள். கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் எட்டுத் தூண்கள் அப்படி வந்தவை. பூங்காவுக்குள்ளும் சில செதுக்குக் கற்கள் உண்டு. காந்தி சிலை தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்தது, தூண்கள் அதற்குச் சில நூற்றாண்டு மூத்தவை. எல்லாம் ஒரே காலத்தது என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள், பிரித்துச் சொல்லுங்கள். தூணின் அடிச் சதுரத்தில் உள்ள சிற்பத்தைக் கிட்டப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். உப்புக்காற்றுப் படும் கடல் பக்கத்து முகம் மழுங்கியிருக்கும், ஊர்ப் பக்கத்து முகத்தில் உளி ஓடிய கோடு இன்னும் தெரியும்.

கெடிலக்கரை எழுதியது:

மிக்க நன்றி ஐயா. இரண்டு சந்தேகம். ஆளுநர் மாளிகை துய்ப்ளேக்ஸ் கட்டியது என்று பலகையில் படித்ததாக ஒரு சக ஆசிரியர் சொல்கிறார். இன்னொன்று, பூங்காவைச் சுற்றியுள்ள பழைய சுவர்களில் பூச்சு ஏன் இப்படிப் பெயர்ந்து பெயர்ந்து விழுகிறது? போன தடவை வந்த பிள்ளைகள் இதைத்தான் கேட்டார்கள்.

பழஞ்சுவடி எழுதியது:

துய்ப்ளேக்ஸ் காலத்தில் 1752இல் முடிந்த அரண்மனை 1761இல் போய்விட்டது. 1763 பாரிஸ் உடன்படிக்கைப்படி ஊர் பிரெஞ்சுக்காரர்களுக்கே திரும்பியது. 1765இல் ஆளுநராகப் பொறுப்பேற்ற ழான் லா தெ லொரிஸ்தோன் காலத்தில் எழுந்ததுதான் இப்போது பூங்காவின் வடக்கே நிற்கும் மாளிகை. 1761க்கு முந்திய வீடு ஒன்றைக் காட்டியே ஆக வேண்டுமென்றால் வெள்ளை நகரத்தையும் கருப்பு நகரத்தையும் பிரிக்கும் வாய்க்காலுக்கு மேற்கே போங்கள். ரங்கப்பிள்ளை வீதியில் ஆனந்தரங்கப்பிள்ளை 1738இல் கட்டிய வீடு இருக்கிறது. கீழே மரத்தூண், மேலே பிரெஞ்சுப் பாணித் தூண். நாட்குறிப்பு எழுதிய அந்த மனிதர் 1761 ஜனவரி 12 அன்று காலமானார். நகரம் விழ இன்னும் நான்கு நாள் இருந்தது.

கரணை எழுதியது:

பூச்சு பற்றி நான் சொல்கிறேன். இது பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும் பகுதி.

பழைய சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் நீற்றி, குழியில் வாரக்கணக்கில் ஊறவிட்டு, மணலோடு செக்கில் அரைப்பார்கள். அடிப்பூச்சுக்கு ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டிலிருந்து மூன்று பங்கு மணல். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த நீரை ஊற்றிக் குழைப்பார்கள். மேல்பூச்சுக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பு, மணல் மிகக் குறைவு, முட்டை வெள்ளைக்கருவும் சேரும். ஈரம் முழுதும் காய்வதற்குள் கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பு ஏற்றுவார்கள்.

இந்தச் சுவர் மூச்சு விடும். அடியிலிருந்து ஏறும் ஈரம் பூச்சு வழியாகவே வெளியேறிவிடும். பின்னாளில் விரிசலை அடைக்கச் சிமெண்டை அப்பி, மேலே பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தால் அந்த வழி அடைபடுகிறது. ஈரம் செங்கல்லிலேயே தங்கும். கடலோரம் என்பதால் அதில் உப்பு கலந்திருக்கும். ஈரம் காயும்போது உப்பு படிகமாகிப் பூச்சைப் பின்னாலிருந்து தள்ளும். முதலில் பெயின்ட் கொப்புளிக்கும், அப்புறம் வெள்ளையாக உப்பு பூக்கும், கடைசியில் சிமெண்ட் ஒட்டு செங்கல்லின் தோலையும் பிய்த்துக்கொண்டு பாளமாக விழும். தரையிலிருந்து முழங்கால், இடுப்பு உயரம்வரைதான் சேதம் அதிகம் என்பதைக் காட்டுங்கள், ஈரம் ஏறும் எல்லை அது. பழுது பார்ப்பதென்றால் சிமெண்டைச் செதுக்கி எடுத்து, உப்பைத் துலக்கி, சுண்ணாம்புச் சாந்தே பூசி, ஒரு வாரமாவது ஈரச்சாக்கு போட்டுவைத்து, சுண்ணாம்புதான் அடிக்க வேண்டும்.

கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கடற்கரைச் சாலையில் மேரி (Mairie) என்ற நகராட்சிக் கட்டடம் இருக்கிறது. 1870 வாக்கில் கட்டியது, 2014 நவம்பர் மழையில் சரிந்து விழுந்தது. இப்போது நிற்பது பழைய தோற்றத்திலேயே புதிதாகக் கட்டி 2021இல் திறந்தது. பிள்ளைகளிடம் இதைச் சொல்லிவிட்டே காட்டுங்கள்.

வைசியாள் வீதி எழுதியது:

நடக்கும் வரிசைக்கு என் யோசனை. காலை 7 மணிக்கு முன் கடற்கரைச் சாலையில் தொடங்குங்கள். 7.30 வரை அங்கே வண்டிகளை விடமாட்டார்கள், பிள்ளைகள் நிம்மதியாக நடக்கலாம். காந்தி சிலைத் தூண்கள், 1836இல் ஏற்றிய பழைய கலங்கரை விளக்கம், மேரி. அங்கிருந்து ஐந்து நிமிடத்தில் பூங்கா. ஆயி மண்டபத்தின் நிழலில் எல்லாரையும் உட்காரவைத்துக் கோட்டைக் கதையைச் சொல்லுங்கள், அதற்கு முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள்.

ஆளுநர் மாளிகையைச் சாலைக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தால் போதும். வாசலில் கூட்டமாக நிறுத்தவோ காவலர்களைப் படம் எடுக்கவோ விடாதீர்கள். பூங்காவுக்கு மேற்கே சட்டப்பேரவை. பேரவை கூடும் நாளில் தடுப்பு வைத்துவிடுவார்கள், தேதியைப் பார்த்துக்கொண்டு வாருங்கள். புனித லூயி வீதி அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. அரிக்கமேட்டுப் பொருள்களைக் காட்டும் எண்ணம் இருந்தால் வேறு நாள் பாருங்கள். தண்ணீர் பாட்டில் ஆளுக்கு ஒன்று, தொப்பி கட்டாயம். ஒன்பது மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் நிழல் கிடைக்காது.