சீல் வைப்பது நெல்லையில், திறப்பது சென்னையில்: இதற்குப் பெயர் மேற்பார்வையா?

தச்சநல்லூர்க்காரன்:
ஜங்ஷன் பக்கம் நான் வேலைக்குப் போகும் வழியில் ஒரு நாலு மாடி வணிக வளாகம் இருக்கிறது. அனுமதி வாங்கியது இரண்டு மாடிக்கு என்று சொல்கிறார்கள். மாநகராட்சி போன மாதம் பூட்டி சீல் வைத்தது, பரவாயில்லையே, நம்ம ஊரிலும் இதெல்லாம் நடக்கிறதே என்று நினைத்தேன். பதினெட்டாம் நாள் ஷட்டர் திறந்து கிடக்கிறது. விசாரித்தால், ஓனர் சென்னைக்கு மனுப் போட்டாராம், முடிவு வரும்வரை சீலுக்குத் தடையாம். மேல் மாடியில் கோச்சிங் சென்டர், சாயங்காலம் நூறு பிள்ளைகள் இருப்பார்கள், ஏறி இறங்க ஒரே படி. சூரத்தில் 2019 மே மாதம் இதே மாதிரி மேல்மாடி கோச்சிங் சென்டரில்தான் 22 பேர் செத்தார்கள், பிள்ளைகள் ஜன்னல் வழியாகக் குதித்த வீடியோவை எல்லோரும் பார்த்தோம். நேரில் வந்து பார்த்து இங்குள்ள அதிகாரி எடுத்த முடிவை, கட்டடத்தைக் கண்ணால்கூடப் பார்க்காத ஒருவர் சென்னையில் உட்கார்ந்து நிறுத்தி வைக்கலாமா?

ரதவீதிக் கடை:
தம்பி, கோபம் சரி, ஆனால் மறுபக்கத்தையும் கேளுங்கள். எங்கள் கடை தாத்தா கட்டியது. பக்கத்துக் கடைக்கும் எங்களுக்கும் ஒரே சுவர். பக்கவாட்டு இடைவெளி விடவில்லை என்று நோட்டீஸ் வந்தது, சுவரைத் தோளில் தூக்கிக்கொண்டா நகர முடியும்? வரிசையில் பதினோரு கடை அப்படித்தான் இருக்கிறது, நோட்டீஸ் எனக்கு மட்டும். ஏன் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும், நான் எழுத வேண்டாம். மேலே முறையிட ஓர் இடம் இருந்ததால்தான் கடை நிற்கிறது. தடை உத்தரவை லேமினேட் செய்து நெல்லையப்பர் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன், சிரிப்பதானால் சிரித்துக்கொள்ளுங்கள்.

பழைய ஓவர்சியர்:
இரண்டு பேரும் பாதி பாதி சொல்கிறீர்கள். கட்டடப் பிரிவில் முப்பது வருடம் குப்பை கொட்டியவன் என்பதால் சொல்கிறேன். 1971 நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 56, 57 பிரிவுகளில் நோட்டீஸ் கொடுத்து வேலையை நிறுத்தலாம், பூட்டலாம், இடிக்கலாம். அதை எதிர்த்து 80-ஏ பிரிவில் ஓனர் நேரே அரசுக்கு மனுப் போடலாம், அது வீட்டுவசதித் துறைச் செயலாளர் மேசைக்குப் போகும். மனுப் போடுவது தப்பே இல்லை. மனு அங்கேயே ஊறுவதுதான் கோளாறு. நான் கையெழுத்துப் போட்ட நோட்டீஸ் ஒன்றுக்கு, நான் ரிட்டயர் ஆகும்வரை பதில் வரவில்லை. 2024 டிசம்பர் 17 அன்று மீரட் கட்டட வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது: இந்த மாதிரி மேல்முறையீடுகளை, நிலுவையில் கிடப்பதையும் சேர்த்து, 90 நாளுக்குள் முடிக்க வேண்டும், நிறைவுச் சான்று இல்லாமல் கரண்ட், தண்ணீர் இணைப்பு கொடுக்கக் கூடாது.

ரதவீதி அண்ணாச்சி, உங்கள் தடைக்கு வயசு என்ன?

ரதவீதிக் கடை:
நாலு வருடம். தேதி போட வேண்டியது நானா?

தச்சநல்லூர்க்காரன்:
இதைத்தான் சொன்னேன். தடை வாங்கியவர் ஏன் அவசரப்படப் போகிறார்? சென்னைத் தலையீட்டையே எடுத்துவிட வேண்டும். பிரச்சினை இருந்தால் இங்கே கோர்ட்டுக்குப் போகட்டும்.

வண்ணாரப்பேட்டை அக்கா:
தம்பி, இங்கே இருக்கிறவர்களை நம்பி விட்டுவிடலாம் என்கிறீர்கள். நான் ஆறு வருடம் ஒரு ஜவுளிக் கடையில் இரண்டாவது மாடி சேலைப் பிரிவில் நின்றவள். அங்கே இரண்டாவது படி ஒன்று உண்டு, பிளானில் உண்டு. படி முழுக்க சேலை மூட்டை, கீழே கிரில் கேட், அதில் சங்கிலி, பூட்டு. சாவி மேனேஜர் மேசை டிராயரில். சுவரில் சிவப்பு சிலிண்டர் தொங்கும், அதில் கட்டிய அட்டையில் மை அழிந்து தேதியே தெரியாது. பார்வைக்கு வருகிறார்கள் என்றால் முதல் நாள் ராத்திரியே ஃபோன் வந்துவிடும், நாங்கள் பெண்கள் பத்துப் பேர் நின்று மூட்டை இறக்குவோம், அவர்கள் குளிர்பானம் குடித்துவிட்டுப் போனதும் திரும்ப ஏற்றுவோம். ஆடித் தள்ளுபடிக்கு அந்த மாடியில் நிற்க இடம் இருக்காது.

சீல் வைத்தால் ஓனர் சென்னைக்குப் போகலாம். சீல் வைக்காமலே இருந்தால் மாடியில் நிற்கிற நாங்கள் எங்கே போவது? எங்களுக்கு எந்தப் பிரிவு, ஓவர்சியர் ஐயா?

பழைய ஓவர்சியர்:
மனு கொடுக்கலாம் அம்மா, கலெக்டர் திங்கள்கிழமை குறைதீர் கூட்டம் இருக்கிறது. ஆனால் நீங்கள் கேட்பது அது இல்லை என்று புரிகிறது. ‘நடவடிக்கை எடுக்கவில்லை’ என்பதை எதிர்த்து ஓனருக்கு இருக்கிற மாதிரி ஒரு நேர்வழி உங்களுக்கு இல்லைதான்.

இதில் இன்னொரு சிக்கல். அரசியல் சட்டத்தின் பன்னிரண்டாம் அட்டவணையில் தீயணைப்பு நகராட்சி வேலை என்று இருக்கிறது, மும்பையில் மாநகராட்சிதான் நடத்துகிறது. நமக்கு அது மாநிலத் துறை. அனுமதி கொடுப்பது ஓர் ஆபீஸ், தீ குறித்துக் குறை எழுதுவது இன்னோர் ஆபீஸ். அவர்கள் எழுதிய கடிதம் எங்கள் ஃபைலில் வந்து படுத்துக்கொள்ளும். கொல்கத்தாவில் 2011 டிசம்பரில் ஓர் ஆஸ்பத்திரியில் 90 பேர் அளவுக்கு மூச்சுமுட்டிச் செத்தார்களே, அங்கேயும் கார் நிறுத்த வேண்டிய பேஸ்மென்ட்டில் சாமான் அடைத்திருப்பதைத் தீயணைப்பு அதிகாரிகள் முன்னாலேயே பார்த்திருந்தார்கள். ஒழிக்கிறோம் என்று எழுதியும் வாங்கினார்கள். திரும்பிப் போய் யாரும் பார்க்கவில்லை.

வண்ணாரப்பேட்டை அக்கா:
அதனால்தான் வெளியூர் ஆள் வரணும் என்கிறேன். 2021 டிசம்பரில் நம்ம டவுனிலேயே பள்ளிக்கூடக் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று பையன்கள் போனார்கள். அப்புறம் மேலேயிருந்து உத்தரவு வந்ததும் பழுதான பள்ளிக் கட்டடங்களைத் தேடித் தேடி இடித்தார்கள். கணக்கெடுத்ததும் இதே அதிகாரிகள்தானே? அதுவரைக்கும் கண் எங்கே போயிருந்தது?

தச்சநல்லூர்க்காரன்:
அக்கா, மேலேயிருப்பவர்கள் என்ன யோக்கியம்? கும்பகோணத்தில் 2004 ஜூலை 16, 94 குழந்தைகள். சத்துணவு சமையல் கொட்டகையில் பிடித்த தீ வகுப்பறைக் கூரைக்குத் தாவியது. அந்தப் பள்ளிக்கு மேலே கல்வித் துறை, அதாவது மாநிலம், இல்லாமலா இருந்தது? கீற்றுக் கூரையைப் பார்க்க மைக்ராஸ்கோப்பா வேண்டும்? 2014-இல் மௌலிவாக்கத்தில் 61 பேர் செத்த பதினோரு மாடிக்கு அனுமதி கொடுத்தது எந்த உள்ளூர் முனிசிபாலிட்டியும் இல்லை, சிஎம்டிஏ, அதாவது மாநில அரசின் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்.

வண்ணாரப்பேட்டை அக்கா:
சரி, அவர்களும் திருடர்கள் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் முதல் நாள் ராத்திரி ஃபோன் பண்ண எங்கள் மேனேஜர் நம்பர் அவர்களுக்குத் தெரியாது இல்லையா, அந்த ஒரு நாளாவது படி காலியாக இல்லாமல் பிடிபடும். நான் கேட்பது அவ்வளவுதான்.

ரதவீதிக் கடை:
அம்மா, சங்கிலி பூட்டு பற்றி எழுதியதிலிருந்து இரண்டு நாளாக மனசு சரியில்லை. என் கடையிலும் பின்படி ஒன்று இருக்கிறது. இன்று காலையில் பையன்களை விட்டு மூட்டையெல்லாம் இறக்கிவிட்டேன், பூட்டையும் எடுத்தாயிற்று. குடோன் நிறைந்து கிடக்கிறது, அதனால் தற்போதைக்கு முன்படிக்குக் கீழே அடுக்கியிருக்கிறோம்.

பழைய ஓவர்சியர்:
அண்ணாச்சி, அங்கேதானே உங்கள் மீட்டர் பெட்டி இருக்கிறது?